“எதுக்காவது உதவும்”

நம் வீட்டுப் பரண்களில் குடியிருக்கும் பொருள்களுக்கெல்லாம் ஒரே சிபாரிசுதான்: “எதுக்காவது உதவும்.” டிவி வந்த அட்டைப்பெட்டி, கைப்பிடி உடைந்த குக்கர், டேப் ரெக்கார்டர் போன பின்னும் போகாத கேசட்டுகள், பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் பெடல் கழன்று கிடக்கும் மூன்று சக்கர சைக்கிள். இவை எந்த வருஷம் மேலே ஏறின என்று யாருக்கும் நினைவிருக்காது. வீடு மாறும்போதோ, வீட்டுப் பெரியவர் காலமான பிறகோதான் ஏணி வைத்து ஏறுகிறார்கள்.

இறக்கியதும் சண்டை ஆரம்பம். இருப்பதே தெரியாமல் இருந்த பொருள், தூக்கிப் போடப் போகிறோம் என்றதும் பொக்கிஷமாகிவிடுகிறது. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் கானெமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, மற்றவர்களோடு விலை பேசச் சொன்னார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அது அவர்கள் கைக்கு வந்து வெகுநேரம்கூட ஆகவில்லை. அப்படியிருக்க, கல்யாணச் சீராக வந்த, அம்மாவின் பெயரும் தேதியும் வெட்டிய பித்தளைத் தவலையை விட எப்படி மனம் வரும்? பழைய பாத்திரக் கடைக்காரரோ பெயரைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்க்கிறார்.

தவலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். எடைக்குரிய விலை என்றைக்கும் உண்டு. பரிதாபத்துக்குரியவை மற்றவை. பரண் பத்திரமான இடம் என்பதே ஒரு பிரமை. மேல்தளத்துச் சூடு முழுக்க அங்கேதான் இறங்குகிறது. குக்கரின் ரப்பர் விறைத்துப்போகும். ரிமோட்டுக்குள் மறந்துவிட்ட பேட்டரி கசிந்து கம்பியை அரிக்கும். கேசட் நாடாவில் பூஞ்சை படரும். பிரித்து மடித்துப் போடாத பட்டுப்புடவை மடிப்பிலேயே இற்றுப்போகும். கடைசியில் ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. ஓடும் நிலையில் கொடுத்திருந்தால் இன்னொரு வீட்டில் சட்னி அரைத்திருக்கும் மிக்ஸி, பரணில் கிடந்தே காயலான் கடைச் சரக்காகிறது. விட மனமில்லாமல் வைத்திருந்தோம் என்று பெயர். உண்மையில் யாருக்கும் உதவாமல் செய்துவிட்டோம்.

அதற்காகக் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டி ஏழைகள் தலையில் கட்டுவதும் சரியில்லை. தில்லியில் 1999இல் ‘கூஞ்ச்’ அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா, இதில் பெறுகிறவரின் மானத்தை முன்னே வைத்தார். நகரத்தில் திரட்டிய துணி தரம் பிரிக்கப்படுகிறது. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு வெட்டி, சாலை செப்பனிட்டு, அந்த உழைப்புக்கு ஈடாக அதைப் பெறுகிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணி, மாதவிடாய்த் துணியாகத் தைக்கப்படுகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நெல்லையில் 2017இல் மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்திய ‘அன்புச் சுவர்’, வேண்டாதவர் வைத்துப்போக, வேண்டியவர் எடுத்துப்போக இடம் தந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஜிப் போன பேன்ட்டையும் ஒற்றைச் செருப்பையும் வைப்பது தானமாகாது. குப்பையை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

காகித விஷயம் வேறு. இங்கே மட்டும் அவசரம் ஆகாது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டார். அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழசை முறைப்படி கழித்ததாகவே நினைத்தார்கள். இதற்கு நேர் எதிர், காரைக்குடி அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர், புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டிருக்கக்கூடியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான நூலகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அங்கே போகாமல் முடியாது.

எல்லோரும் ரோஜா முத்தையா ஆக வேண்டியதில்லை. ஆனால் போகிக்கு முதல் நாள் அவசர அவசரமாகப் பரணைக் காலி செய்யும் வழக்கத்தை மாற்றத்தான் வேண்டும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடுமாறியது. எரிந்தவற்றில் டயரும் பிளாஸ்டிக்கும் உண்டு. எரிக்காமல் கழிக்க வழி இல்லாமலும் இல்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரித்த கம்பெனிகள்மீதே வைத்திருக்கின்றன.

எனவே அடுத்த போகிக்குக் காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். ஓடுகிற பொருளை ஓடும்போதே கொடுத்துவிடுங்கள். பழைய செல்போனையும் பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள். தாத்தாவின் கணக்கு நோட்டையும் கடிதக் கட்டையும் மட்டும், பழைய பேப்பர்காரர் தராசில் வைக்கும் முன் ஒருமுறை பிரித்துப் படித்துவிடுங்கள்.