ஒளி குறையும்போதே ஆயத்தம்

(திருவருகைக்கால மறையுரை: எரேமியா 8:7, மத்தேயு 25:1-13)



இறைவாக்கினர் எரேமியாவின் மனவேதனையை இன்று கேட்டோம். வலசை போகும் பறவைகளுக்குத் தாம் கிளம்பவும் திரும்பவும் வேண்டிய காலம் தெரிகிறது; ஆண்டவர் தமக்கென்று தேர்ந்துகொண்ட மக்களுக்கோ அவருடைய வழி தெரியவில்லை என்று அவர் நெஞ்சு வெதும்புகிறார்.

அப்படி வலசை வந்த பறவைகள் இப்போது நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கிள்ளைக்கு அப்பால் பிச்சாவரத்தில் நீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் போய்ப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பறவை, கருத்த கால்களால் குடுகுடுவென்று ஓடி, தையல் இயந்திரத்து ஊசி போல் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். அதன் பெயர் கொசு உள்ளான். எடை 25 கிராம் அளவுதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த இடம் ரஷ்யாவின் வடகோடி. அங்கே இப்போது நிலம் கல்லாய் உறைந்து கிடக்கிறது. குத்தித் தின்ன ஒரு புழு கிடைக்காது. உறைந்த பிறகு கிளம்பியிருந்தால் இந்தப் பறவை பிழைத்திருக்காது. கோடை முடியுமுன்பே, இரை தாராளமாய்க் கிடைத்தபோதே, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பறந்துவிட்டது.

பறக்க முடியாத உயிர்கள் என்ன செய்யும்? சைபீரியாவின் யாகூத்தியாவில் குளிர் மைனஸ் 60 டிகிரியைத் தொடும். அங்கே லார்ச் மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. குளிர் வந்து தாக்கும்வரை அவை காத்திருப்பதில்லை. பகல் பொழுது குறையத் தொடங்கியதுமே வளர்ச்சியை நிறுத்துகின்றன, இலைகளை உதிர்க்கின்றன, சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பிறகு உறைபனி இறங்கும்போது, மரத்தின் உயிரணுக்கள் தம்மிடமுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. அந்த நீர் அணுக்களுக்கு இடையில் பனிக்கட்டியாகிறது. உள்ளே பனிக்கட்டி உண்டானால் அணு கிழிந்து செத்துப்போகும். வெளியே எவ்வளவு உறைந்தாலும், உள்ளே சர்க்கரை செறிந்திருக்கும்வரை மரத்துக்கு உயிர் இருக்கிறது.

அலாஸ்காக் காடுகளில் ஒரு தவளை உண்டு. குளிர்காலத்தில் அது சருகுக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். பனி அதன் தோலைத் தொட்டதும், ஈரல் தான் சேமித்து வைத்ததையெல்லாம் சர்க்கரையாக்கி உடலெங்கும் பாய்ச்சும். உடலிலுள்ள நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைந்துவிடும். மூச்சு நிற்கும், இதயமும் நிற்கும். இளவேனிலில் பனி உருகும்போது அந்த இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கும். பனி வந்து தொட்ட பிறகு அது யாரிடம் போய்ச் சர்க்கரை கேட்கும்? முன்னமே ஈரலில் சேர்த்து வைத்ததுதான் அதைக் காப்பாற்றுகிறது.

அன்பானவர்களே, பத்துத் தோழியர் உவமையில் முன்னமே எண்ணெய் எடுத்துவந்த ஐந்து பேர் அதை மற்ற ஐவருக்கு ஏன் பகிர்ந்து கொடுக்கவில்லை என்று சிலர் வருத்தத்தோடு கேட்பதுண்டு. நள்ளிரவில் இரவல் வாங்க முடியாத சில செல்வங்கள் இருக்கின்றன என்று ஆண்டவர் சொல்கிறார். பொறுமை அப்படிப்பட்டது. இறைநம்பிக்கை அப்படிப்பட்டது. செபிக்கும் பழக்கம் அப்படிப்பட்டது. துன்பம் வந்த அன்றைக்கு இவற்றை அடுத்த வீட்டில் கேட்டு வாங்க முடியாது.

நமக்கு உறைபனி இல்லை. ஆனால் நம்முடைய டிசம்பர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். 2004-இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலை, தேவனாம்பட்டினம் முதல் எம்.ஜி.ஆர். திட்டு வரை கடல் புகுந்து நம் சொந்தங்களை வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், தலைமுறை தலைமுறையாய்ச் சோறு போட்ட முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அந்த இழப்புகள் இன்னும் ஆறாத வீடுகள் இங்கே உண்டு. அவர்களிடம் துயரமே படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இயேசுவே தம் நண்பரின் சாவுக்காக அழுதவர். துயரம் வீட்டைச் சூழலாம். அது கசப்பாகி உயிரணுவுக்குள் உறைய மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கசப்பை எப்படி வெளியேற்றுவது? பிச்சாவரத்து வெண்கண்டல் மரத்திடம் கேளுங்கள். சுற்றிலும் தண்ணீர், ஆனால் உப்பு. உப்புநீரில் நிற்கும் மரமும் பனியில் நிற்கும் மரமும் ஒரே தாகத்தால் வாடுகின்றன: நீர் இருந்தும் உறிஞ்ச முடியாது. வெண்கண்டல் பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுக்கிறது; மீறி ஏறியதை இலைவழியே வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் அந்த இலையைத் தொட்டால் உப்புத்துகள் விரலில் ஒட்டும்.

அந்த மரமும் ஒரு காலத்தில் அங்கே சில இடங்களில் பட்டுப்போனது. பழைய காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டியதால் தரை பள்ளமாகி, புகுந்த கடல்நீர் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதநீர் வந்து போக வழி கிடைத்ததும் தேங்கிய உப்பு கழுவப்பட்டது, கன்றுகள் வேர்பிடித்தன.

நம் வீடுகளிலும் வருடக்கணக்கில் தேங்கிய உப்பு உண்டு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, திருமணத்துக்கு அழைக்காததால் வாசலை மிதிக்காத அத்தை, மன்னிக்க முடியாமல் நாம் பூட்டி வைத்திருக்கும் ஒரு பெயர். ஒப்புரவு அருளடையாளம் என்பது திருச்சபை நமக்காக வெட்டி வைத்திருக்கும் வாய்க்கால். அருள் உள்ளே வரவும், கசப்பு வெளியே போகவும் அதில் வழியிருக்கிறது.

ஆகவே இந்தத் திருவருகைக்காலத்தில் மூன்று காரியங்களைச் செய்வோம். குடும்பத்தோடு ஒவ்வொரு மாலையும் கொஞ்ச நேரமாவது செபிப்போம். விழாவுக்கு முன் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, பேச்சற்றுப்போன ஒருவரிடம் நாமே முதலில் போய்ப் பேசுவோம். பிழைப்புத் தேடி வடமாநிலங்களிலிருந்து நம் ஊருக்கு வந்திருக்கும் தொழிலாளிக்கு நம் பந்தியில் இடம் கொடுப்போம்; எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமும் உயிர் பிழைக்க இடம் பெயர்ந்த குடும்பம்தான்.

கொசு உள்ளானுக்கு அதன் காலத்தைக் கற்றுக்கொடுத்த ஆண்டவரே, எங்களுக்கும் எங்கள் காலத்தைக் கற்றுத்தாரும். நல்ல நாள்களிலேயே உம் அருளால் எங்களை நிரப்பும். கெட்ட நாள்களில் எங்களை விட்டு நீங்காதிரும். ஆமென்.