ஏட்டில் இல்லாத மூதாதை

மூத்தோரைப் போற்றுதல் தமிழர்க்குப் பழகிய அறம். இல்லறத்தான் ஓம்ப வேண்டியவர்களுள் தென்புலத்தாரையே முதலில் வைக்கிறது திருக்குறள். மகனின் மகனைப் பேரன் என்கிறோம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஆயின், மகப்பேறின்றி இளமையிலேயே மறைந்தவரின் பெயரைத் தாங்குபவர் யார்? அத்தகையவரைத் தேடுவது கடமையா, வெறும் ஆவலா?

எம் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார். சித்தூரை அடுத்த சிற்றூரில் வாழ்ந்தவர். எம் கொள்ளுப்பாட்டனாருக்குப் பெரியப்பா முறை. தாது வருஷப் பஞ்சத்தில், இருபது வயதளவில் இறந்தார் என்பது மட்டுமே முதியோர் வாய்மொழியாக வந்தது. பெயரும் எட்டவில்லை.

தேடப் புகுவோர்க்கு எல்லைக்கோடுகளே முதல் தடை. அவர் காலத்தில் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911-இல் அது தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. ஊர்கள் அசையவில்லை, எல்லைகளே அசைந்தன. பிறந்த மண்ணில் இருந்தவாறே சிலர் வெளிமாநிலத் தமிழர் ஆயினர்.

ஏடுகளின் மௌனம் அடுத்த தடை. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவரும் ஓர் எண்ணாக இருந்திருப்பார். அச்சான அறிக்கையிலோ தொகைகளே உண்டு, பெயர்கள் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899-இல்தான் இயற்றப்பட்டது. இனாம் நிலம் உடையோர் இனாம் பதிவேடுகளில் இடம்பெற்றனர். நிலமற்றோர்க்கு அவ்வழியும் இல்லை.

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. வெள்ளித் திருமேனி அளித்த சாமவையின் பெயரைக் கல் காத்தது. இருபத்தாறு வயதிலேயே, 1898-இல், மறைந்த ராஜம் ஐயரைக் 'கமலாம்பாள் சரித்திரம்' காத்தது. கொடையும் இல்லாமல் நூலும் இல்லாமல் போனவரை எது காக்கும்? ஏடு காத்தது வாழ்வின் அளவை அன்று. வாழ்ந்தவரின் வாய்ப்பையே அது காட்டுகிறது. ஆதலின் ஏட்டில் இல்லாமை இழிவன்று.

இங்கே ஒரு சோதனை எழுகிறது. தம் பங்குக் கஞ்சியைத் தம்பிக்கு ஈந்து அவர் மாண்டார் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதினால் பிள்ளைகள் பெருமை கொள்வர். ஆனால் அவ்வாறு பெருமை பெறுபவர் அவர் அல்லர். நாம் படைத்த வேறொருவர். உண்மையாய் வாழ்ந்து மறைந்தவரை அப்புனைவு இரண்டாம் முறையும் மறைத்துவிடும். அலுவலகக் கோப்புகளோடு நாள் கழிக்கும் நாம் அறிந்த முறை ஒன்றுண்டு: விவரம் இல்லாத கட்டத்தை வெற்றிடமாக விடுவதே நேர்மை. மூதாதையர்க்கும் அதே நேர்மை உரியது.

அங்ஙனமாயின் தேடுவதன் பயன் யாது? கடன் தீர்ப்பதே பயன்; புகழ் சேர்ப்பது அன்று. நீர்க்கடனில் தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என மூவர் பெயரைச் சொல்கிறோம். முடிவில், தமக்கென எவரும் இல்லாதார்க்கும் நீர் விடும் வழக்கு உண்டு. பெயர் தெரியாதவர் என்பதற்காக அந்நீர் மறுக்கப்படுவதில்லை.

ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் முதியோர் சொல்வதை இன்றே எழுதி வைத்தல் வேண்டும். சொன்னவர் யார், அவர் கண்டதா கேட்டதா என்பதையும் உடன் குறித்தல் நன்று. ஐயத்தை ஐயமாகவே எழுதுவோம். அறிந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே, இருபது வயதில் மறைந்த அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.