ஒரே மலை, வேறு வேறு வழிபாடு

மதுரைத் திருநகரில் நின்று அண்ணாந்தால் தெரிவது திருப்பரங்குன்றம். அடிவாரத்தில் முருகன் குடிகொண்ட பாண்டியர் குடைவரை. மேலே காசி விசுவநாதர் கோயில், சிக்கந்தர் பாதுஷா தர்கா. சரிவில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள். இதைக் காட்டி, ‘எல்லா மதமும் ஒன்றுதான்’ என்று பேசிவிடுவது எளிது. அந்தப் பேச்சில் ஓர் ஆபத்து இருக்கிறது.

மலையின் தென்புறம் உமையாண்டார் குகை. சமணக் குடைவரையாக இருந்து, 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலானது. உள்ளே பாறையில் அர்த்தநாரீசுவரர். அவருக்குப் பின்னால் கிளை விரித்திருப்பது தீர்த்தங்கரருக்கு உரிய அசோக மரம். உருவத்தை மாற்றிய உளி, மரத்தை விட்டுவைத்துவிட்டது. எல்லாம் ஒன்றே என்றால், உன்னுடையதும் என்னுடையதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாம் ஒன்று என்பதற்கு மாறாக, எந்தக் கூற்றும் ஒரு கோணத்தில் நின்று சொல்வதே என்றது சமணரின் அநேகாந்தவாதம். அதற்காக யாரும் தம் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. தம் தெய்வமே மெய் என்று உறுதியாக நம்பலாம்; பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்றை நம்ப நம்மிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொண்டால் போதும். பன்மையின் சாரம் இவ்வளவுதான், கடைப்பிடிப்பதுதான் கடினம்.

அப்படியானால் வழக்கம் என்ற பெயரில் வரும் எதையும் பொறுத்துக்கொள்வதா? இல்லை. தீண்டாமையும் வழக்கம் என்றுதான் காக்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் ஒடுக்கப்பட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது பன்மைக்கு எதிரான செயல் அல்ல. இன்னொருவரை வெளியே நிறுத்தும் உரிமை எந்த வழிபாட்டுக்கும் கிடையாது.

திருப்பரங்குன்றம் மலை யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மலை கோயிலுக்கு, நெல்லித்தோப்பும் படிக்கட்டும் பள்ளிவாசல் இருக்கும் உச்சிப்பாறையும் முஸ்லிம்களுக்கு என்பது 1931-இல் உறுதியானது. 2025-இல் தர்காவில் ஆடு, கோழி பலியிடுவதும் மலையில் தீபம் ஏற்றும் இடமும் மீண்டும் வழக்காயின. பாண்டிகோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் ஊருக்குப் பலி ஒன்றும் புதிதல்ல; சண்டை ஆட்டைப் பற்றியது மட்டுமல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றம் எல்லையைச் சொல்லும், அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் பக்கத்திலிருப்பவரைக் குடக்கூலிக்காரராக நடத்தாதே என்று எந்தத் தீர்ப்பும் எழுதித் தர முடியாது. அதை மலையைச் சுற்றி வாழும் நாம்தான் செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து கொடி பிடித்து வருபவர்களிடம் விட்டுவிடக் கூடாது.