காணி உறுதியும் குதிரைத் தாடையும்

அமெரிக்கக் கண்டங்களுக்கு மனிதர் வந்து சுமார் 13,000 ஆண்டுகள்தான் என்பது நெடுங்காலம் அசையாத கணக்கு. யூக்கோனில் புளூஃபிஷ் குகைகளை 1977 முதல் 1987 வரை தோண்டிய ஜாக் சாங்க்-மார், இருபதாயிரத்துக்கும் மேல் என்றார். பெரும்பாலானோர் ஏற்கவில்லை. பிறகு மொன்றியல் பல்கலைக்கழகத்தின் லோரியான் பூர்ஜோன் அதே குகைகளின் 36,000 எலும்புத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனிதர் வெட்டியவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவை பதினைந்துதான். அவற்றில் ஒரு குதிரைத் தாடை; நாக்கை அறுத்தெடுத்தபோது விழுந்த கீறல்கள். வயது 23,000க்கும் 24,000க்கும் இடையில். 2017இல் வெளிவந்த இம்முடிவை இன்னும் ஏற்காதவர்கள் உண்டு.

டோர்வலில், நான் மாலையில் நடக்கும் சென்-லூயி ஏரிக்கு அக்கரையில் மோஹாக் மக்களின் கானவாகே. 13,000 என்பது 24,000 ஆனதும் அவர்களுடைய உரிமை இரட்டித்துவிட்டதா? "அவர்களும் பெரிங் வழியாக வந்தேறியவர்கள்தானே" என்று மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்பவருக்கு எந்த எண்ணும் ஒன்றுதான். அந்தப் பேச்சு நேற்று வந்த எனக்கும் வசதியாக இருக்கிறது, உறுத்துவது அதுதான். ஊரில் இதே பேச்சு எங்கள்மேல் பாய்ந்தபோது ஆனைக்கோட்டை முத்திரையைத் தூக்கிக் காட்டினோம். முத்திரை அகப்படாமல் போயிருந்தால் ஆச்சியின் கிணற்றடி அவருடையது இல்லையா? முந்தி வந்தோம் என்று வாதாடும்போது, பிந்தியவனைத் துரத்தலாம் என்பதையும் சேர்த்தல்லவா ஒப்புக்கொள்கிறோம்?

கானவாகே மக்கள் ஒட்டாவாவிடம் கேட்பது பனியுகக் கணக்கை வைத்தல்ல. 1680இல் பிரெஞ்சு மன்னர் அவர்களுக்கென்று யேசுசபையாரிடம் ஒப்படைத்து, பின்னர் துண்டு துண்டாகக் கைமாறிப்போன நிலத்தை வைத்து.