சிங்க் அடைப்பும் கொல்லாமையும்

சமையலறைச் சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கினால், கோளாறு பெரும்பாலும் அதன் அடியிலுள்ள வளைகுழாயில்தான் இருக்கும். வடிகஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் டீத்தூளும் சோற்றுப் பருக்கையும் அங்கே படிந்து கூழாகிவிடுகின்றன. நாள்பட்டால் அந்தக் கூழில் நுண்ணுயிர்கள் பெருகும். சிறு ஈக்கள் முட்டையிட, புழுவும் நெளியும். அடைப்பு நீக்கும் பவுடரைக் கொட்டி வெந்நீர் ஊற்றினால் அடைப்போடு அவையும் அழியும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமண இல்லறத்தாருக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது: வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதும் உயிர்க்கொலைதானா?

இதற்கு விடை தேட, தமிழ்ச் சமணம் வேரூன்றிய செஞ்சி, வல்லம் வட்டாரத்திலிருந்து தொடங்கலாம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இப்பகுதியில் மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்ததை அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. உணவையே துறந்தவருக்கு அடுப்பும் இல்லை, கழுவ ஏனமும் இல்லை. நாள்தோறும் உலை வைக்கும் நயினார் (தமிழ்ச் சமணர்) வீடுகளுக்கு அந்த விடுதலை கிடையாது. அதனால்தான் சமணம் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று அறத்தை இரு படிகளாக வகுத்தது.

வேண்டுமென்றே செய்வது, வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என இம்சை நான்கு வகைப்படும். முதல் வகையை இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்ற மூன்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். சமைப்பது, பெருக்குவது, துவைப்பதுபோல அடைப்பு நீக்குவதும் ‘ஆரம்பி’ எனப்படும் இரண்டாம் வகையில் சேரும். தவிர்க்க முடியாதது என்பதாலேயே அது குற்றமற்றதாகிவிடாது. எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் வினை அமையும்.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. குந்தகுந்தர், வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தவமிருந்ததாகத் தமிழ்ச் சமண மரபு போற்றும் ஆசாரியர். அவருடைய பிரவசனசாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உயிர் செத்தாலும் பிழைத்தாலும் அசட்டையாக நடப்பவருக்கு இம்சை உறுதி, பார்த்து நடப்பவருக்கோ, தவறி நேர்ந்த சாவினால் மட்டும் வினை கட்டுவதில்லை. ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்பது இதில் சாக்காகாது. பார்க்காமல் விட்டதே அசட்டை.

இதன்படி, அடைப்பைத் தொடாமல் விட்டுவைப்பது அகிம்சை ஆகாது. ஈரக் கழிவு தேங்கினால் அதில் உயிர்கள் ஓயாமல் தோன்றி மடியும் என்பது சமணக் கொள்கை. வடிகட்டிய குடிநீரைக்கூட 48 நிமிடம் கழிந்தால் மறுபடி வடிகட்டச் சொல்வது இதனால்தான். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளில் (கவன நெறிகளில்) ஒன்று, கழிவை உயிரில்லாத இடம் பார்த்துப் போடுவதற்கென்றே வகுக்கப்பட்டது. ஆளைக் கூப்பிட்டு ஆசிட் ஊற்றச் சொன்னாலும் கணக்கு மாறாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே. அடைப்பைத் தள்ளுவதற்காகக் குழாயைத் திறந்துவிடுவதும் சரியல்ல. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் நீரை வீணாக்குவதையும் பயனற்ற தீங்குகளில் சேர்க்கிறது.

சிங்க்கில் நிற்கும் தண்ணீரை முதலில் மொண்டு எடுத்துவிட்டு, ரப்பர் பம்பால் அழுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் அடியில் பக்கெட் வைத்து, வளைகுழாயின் இருபுற நட்டுகளையும் கையால் திருகிக் கழற்றலாம். உள்ளே இருக்கும் கூழைக் குச்சியால் வழித்தெடுத்து, தோட்டத்தில் நிழலும் ஈரமும் உள்ள வாழையடி மண்ணில் இட்டால் புழுக்கள் பிழைக்க வழியுண்டு. பிறகு வாஷர் நகராமல் குழாயைப் பூட்டி, தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த பவுடர் உயிர்களை எரிப்பதோடு கையையும் புண்ணாக்கும், கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும்.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் சில உயிர்கள் மடியும். சமணம் அதை மறைப்பதில்லை; அன்றன்று செய்த பிழைகளை எண்ணி வருந்தும் பிரதிகிரமணம் அதற்கென்றே உள்ளது. எச்சிலை வழித்துப் போட்டபின் தட்டைக் கழுவுவது, எண்ணெய்ச் சட்டியைப் பழந்துணியால் துடைப்பது, ஜாலியில் நிற்பதை வேளைக்கு வேளை தட்டிவிடுவது ஆகியவை இருந்தால் கூழ் சேராது, அதில் பிறந்து சாக உயிரும் இராது. சமண அறத்தின்படி, அடைப்பை நீக்குபவரைவிட அடைய விட்டவருக்கே வினை அதிகம்.