கடை விரிக்கட்டும்

2024 புத்தாண்டு நாள், மாலை 4.10 மணி. ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து பற்றிய தீயில், வாஜிமா நகரின் பழம்பெருமை மிக்க காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது. சுமார் 240 கட்டடங்கள் சாம்பல். கருவாடு, காய்கறி, அரக்குப் பூசிய மரக்கிண்ணம் என்று கடை விரித்து, வருவோர் போவோரைக் கூவி அழைத்த பெண்களுக்குத் தெருவே இல்லாமல் போயிற்று.

மார்ச் 23 அன்று அவர்கள் கனாஸாவா நகரின் துறைமுகப் பகுதிக்குப் போய்க் கூடாரம் போட்டுக் கடை விரித்தார்கள். வாங்கக் கூட்டம் திரண்டது. பிறகு வேறு ஊர்களும் அவர்களை அழைத்தன.

வாஜிமாவைச் சேர்ந்த நாபுனே கிராமத்து முரசுக் கலைஞர்களும் இப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்தலைவர் உயெசுகி கென்ஷினின் படை வந்தபோது, ஆயுதமில்லாத ஊரார் மரப்பட்டையில் முகமூடி செய்து, கடற்பாசியைச் சடையாகத் தொங்கவிட்டு, முரசறைந்து விரட்டினார்களாம். இது அந்த ஊர் சொல்லும் கதை. கோஜின்ஜோ தைகோ என்ற அந்த முழக்கத்தை, நிலநடுக்கத்துக்குப் பின் நிவாரண நிகழ்ச்சிகளிலும் கேட்க முடிந்தது. ஊர் குலைந்துபோனவர்கள் அடித்த அடி அது!

பேரிடர் நடந்த முதல் சில நாள்களுக்குச் சோறும் தண்ணீரும் போர்வையும் கேள்வி கேட்காமல் போய்ச் சேர வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது மனிதரைக் கூனவைக்கும். நேற்றுவரை நாலு பேருக்குக் கொடுத்து வாழ்ந்தவர் வரிசையில் நிற்கும்போது படும் கூச்சம் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சந்தையில் அந்தக் கூச்சம் இல்லை. "இந்தக் கருவாட்டை எப்படிச் சமைக்கணும்?" என்று கேட்டால், வீடிழந்த பெண் தலைநிமிர்ந்து சொல்லிக் கொடுக்கிறாள். பொருளுக்குக் காசு, கணக்கு சரி. மேடையில் முரசடிப்பவருக்கும் அப்படியே. அவர் பெறுவது தன் கலைக்கான கைதட்டல்.

அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வந்து நோட்டோவை மறுபடியும் நிலைகுலைத்தது. அதற்குப் பிறகும் வாஜிமாப் பெண்கள் வெளியூர்களுக்குப் போய்க் கடை போட்டார்கள்.

உங்கள் ஊரில் நிவாரண நிதிக்குச் சந்தையோ கலைநிகழ்ச்சியோ நடத்தினால், பாதிக்கப்பட்டவர்களுக்கே முதல் கடையையும் முதல் மேடையையும் ஒதுக்குங்கள். அவர்களிடம் விலை கொடுத்து வாங்குங்கள்.