பேரீத்தம்பழத்துக்குப் பேரீத்தம்பழம்



ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் வெற்றிகொள்ளப்பட்டது. அங்கு அதிகாரியாக நியமிக்கப்பட்ட தோழர் ஒருவர், "ஜனீப்" என்னும் உயர்ந்த ரகப் பேரீத்தம்பழங்களை நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்குக் கொண்டு வந்தார். கைபரின் பழமெல்லாம் இப்படித்தானா என்று நாயகமவர்கள் வினவினார்கள். இல்லை, மட்டப் பழம் இரண்டு ஸாஉ கொடுத்து இதில் ஒரு ஸாஉ வாங்குகிறோம் என்றார் அவர். (ஸாஉ என்பது நமது மரக்காலைப் போன்றதொரு முகத்தலளவை.) அப்படிச் செய்ய வேண்டாம், மட்டப் பழத்தைத் திர்ஹத்துக்கு விற்று, அந்தத் திர்ஹத்தைக் கொண்டு நல்ல பழத்தை வாங்குக என்று அருளினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி வந்துள்ளது.

"கடைசியில் கைக்கு வருவது அதே பழந்தானே, நடுவில் காசு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானித்தது யார்? தேவையுள்ளவன் பணிந்து போயிருப்பான். தான் எவ்வளவு இழந்தோம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திராது. சந்தையில் காசுக்கு விற்றாலோ, விலை நாலு பேர் முன்னிலையில் வெளிப்பட்டுவிடும்.

இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாணயத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குத் தனக்கென்று நிறமில்லை. எல்லா நிறத்தையும் காட்டும். பொருள்களுக்கிடையே நாணயம் ஒரு நீதிபதி என்றும், அதைப் பதுக்குகிறவன் நீதிபதியைச் சிறையிலடைத்தவன் என்றும் விளக்குகிறார்கள். (நாயகமவர்களின் காலத்தில் புழங்கிய தீனார் ரோமருடையது, திர்ஹம் பாரசீகருடையது.)

பண்டமாற்றே ஆகாது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். உப்பைக் கொடுத்துக் கோதுமை வாங்கினால் இனம் வேறு; அளவு கூடலாம், குறையலாம், கைக்குக் கை மாறினால் போதும். தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம்பழம், உப்பு ஆகிய ஆறும் ஹதீதில் பெயர் சொல்லப்பட்டவை. இவற்றில் ஒரே இனத்தை மாற்றும்போது அளவும் சமமாயிருக்க வேண்டும், தவணையும் கூடாது. மீறினால் அது வட்டி.

இந்தப் பட்டியலில் முதலில் நிற்பது தங்கம். மகளின் திருமணத்திற்காகத் தாய் 5 பவுன் பழைய காப்பை எடுத்துச் செல்கிறாள். 4 பவுன் புதுச் சங்கிலியோடு திரும்புகிறாள். தேய்மானம், சேதாரம், செய்கூலி என்று ஒரே சீட்டில் கணக்கு நேராகிவிடுகிறது. கைபரின் இரண்டு ஸாஉ இங்கே தராசில் ஏறியிருக்கிறது! செய்கூலிக்காக எடையைக் கூட்டுவதற்கும் பெரும்பாலான இமாம்களிடம் அனுமதியில்லை.

காப்பை முதலில் விற்று, பணத்தை எண்ணிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணமாகக் கேட்டால் விலையைக் குறைக்கும் கடைகளும் உண்டு. அந்த வித்தியாசம் அதுவரை சீட்டுக்குள் மறைந்திருந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இங்கேதான் புதிது வாங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உடன்படாதீர்கள். பணம் கைக்கு வந்த பின் அடுத்த கடையிலும் விலை கேட்டுப் பார்க்கலாம்.